பழைய ஒலிபரப்புக்கு ஆயுள் தடையா?

அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் 100 வாட் சமூக வானொலிக்கு உரிமம் தரும் திட்டம் வந்தது. முன்பு உரிமமின்றி ஒலிபரப்பியிருந்தாலும், சொன்னவுடன் நிறுத்தியவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தக் கதவை அடைத்துவிட்டது. உரிமமின்றி ஒருமுறை ஒலிபரப்பியிருந்தாலே தகுதி கிடையாது, காலவரம்பும் இல்லை! 2002-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இது செல்லாது என்றது; 2003-இல் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு செல்லும் என்றுவிட்டது.

கட்டுப்பாடு வேண்டும்தான். எஃப்எம் 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிற இடத்தில் விமான அலைவரிசை தொடங்குகிறது, விளையாட்டில்லை. ஆனால் பிரிட்டனில் உரிமமின்றி ஒலிபரப்பித் தண்டனை பெற்றவருக்கே 5 ஆண்டுத் தடைதான். அதுதான் நியாயமாகப் படுகிறது. உரிமம் கிடைக்க வழியே இல்லாத காலத்தில் தன் மக்களுக்காகப் பேசியவரை வாழ்நாள் முழுக்க ஒதுக்குவது எனக்கு மனசு ஒப்பவில்லை.

சிங்கப்பூரில் ஒலி 96.8 தமிழ் வானொலியைக் கேட்டு வளர்ந்தவள் நான். சொந்த மொழி வானொலி ஒரு சமூகத்துக்கு என்ன செய்யும் என்று தெரியும்.

அமெரிக்காவில் சங்கம் வழியாக விண்ணப்பிக்க நினைக்கும் சொந்தங்களே, அந்த நாட்டின் இந்தத் தடை சங்கத்துக்கு மட்டுமல்ல, நிர்வாகக் குழுவில் இருப்பவர்களுக்கும் பொருந்தும். முன்பு உரிமமின்றி ஒலிபரப்பியதுண்டா என்று முதலில் எல்லாரிடமும் கேட்டுவிடுங்கள்.