எஸ் எழுத்தை முதலில் பார்த்திருந்தால்

நியூ ஜெர்சியில் நடந்த ஒரு நாணயக் கண்காட்சியில் ‘டபுள்டு டை’ (அச்சிலேயே உருவம் இரட்டித்த அரிய காசு) என்று நம்பி 450 டாலர் கொடுத்து நான் வாங்கிய 1969-எஸ் லிங்கன் சென்ட் என்ற அமெரிக்கக் காசு, பத்து வாரக் காத்திருப்புக்குப் பின் சான்றளிக்கும் நிறுவனத்திலிருந்து ‘மிஷின் டபுளிங்’ (காசை அடிக்கும்போது அச்சு நகர்ந்ததால் வந்த இரட்டிப்பு) என்ற இரண்டே சொற்களுடன் திரும்பி வந்தது. தொலைபேசியில் காரணம் கேட்டபோது, எடுத்தவர் அதே இரண்டு சொற்களைத்தான் மறுபடியும் வாசித்தார். கட்டணம் திரும்பக் கிடைக்காது என்றார்கள். விற்றவரோ, விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று முடித்துவிட்டார். அந்த மனவருத்தம் இன்னும் ஆறவில்லை.

வாங்கும்போது நான் ஆண்டு எண்ணை மட்டுமே பார்த்தேன். 1969 என்பது தெளிவாக இரண்டாகத் தெரிந்தது. அதன் கீழிருந்த எஸ் எழுத்தும் இரண்டாகத் தெரிந்ததைக் கூடுதல் சான்று என்றே எடுத்துக்கொண்டேன். உண்மையில் அதுதான் காசைக் காட்டிக்கொடுத்த இடம். அக்காலத்தில் காசு அடிக்கும் அச்சை உருவாக்க, உருவங்கள் புடைத்திருக்கும் ‘ஹப்’ என்ற கருவியை எஃகின் மீது ஒருமுறைக்கு மேல் அழுத்துவார்கள். அடுத்த அழுத்தம் சற்றே திரும்பி விழுந்தால் அச்சிலேயே இரட்டை உருவம் பதிந்து, அந்த அச்சால் அடிக்கப்படும் காசுகள் எல்லாம் டபுள்டு டை ஆகிவிடும். சான்பிரான்சிஸ்கோ நாணயச்சாலையைக் குறிக்கும் எஸ் எழுத்தையோ, அந்த வேலை முடிந்த பிறகு தனியே பஞ்ச் வைத்துக் கையால் தட்டிப் பதித்தார்கள். ஆகவே உண்மையான 1969-எஸ் டபுள்டு டையில் ஆண்டு எண், லிபர்ட்டி என்ற சொல், தலைக்கு மேலுள்ள வாசகம் ஆகியவை இரட்டித்திருக்க, எஸ் மட்டும் ஒற்றையாக நிற்கும். 1990ஆம் ஆண்டிலிருந்து சென்ட்டில் நாணயச்சாலைக் குறியும் மூல அச்சிலேயே சேர்ந்துவிட்டதால், பிந்தைய காசுகளுக்கு இந்தச் சோதனை உதவாது.

1969 என்ற ஆண்டைத் தாங்கிய போலி டபுள்டு டை காசுகள் பிடிபட்ட காலத்தில், உண்மையான சில 1969-எஸ் காசுகளையும் அரசு அதிகாரிகள் போலி என்று கருதிக் கைப்பற்றிய வரலாற்றை விற்பவர் விரிவாகச் சொன்னார். அது நடந்ததுதான். ஆனால் காசின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நான் காசைப் பார்த்திருக்க வேண்டும்.

திரும்பி வந்த காசைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் என்ற கைக்கண்ணாடியில், பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கை வைத்துச் சுழற்றிப் பார்த்தேன். அடி விழுந்த கணத்தில் தளர்ந்திருந்த அச்சு நகர்ந்து எழுத்தின் ஓரத்தை நசுக்கியிருந்ததால், இரண்டாவது உருவம் என்று நான் நம்பியது தட்டையான, பளபளக்கும் ஒரு படிக்கட்டாகவே இருந்தது. எழுத்து அகலமாகவில்லை, தன் உடம்பிலிருந்தே கொஞ்சம் இழந்திருந்தது. டபுள்டு டையில் எழுத்து தடிக்கும், இரண்டு உருவமும் உருண்டு மேலெழும், முனைகளில் பிளவு தெரியும். இதைப் படத்தில் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். தட்டையான படிக்கட்டும் புகைப்படத்தில் புடைத்ததுபோல் தோன்றும். அதேபோல், 1955 சென்ட்டில் கடைசி 5 மட்டும் நிழலடித்தாற்போல் இருந்தால் அது தேய்ந்த அச்சின் விளைவு; அதே ஆண்டின் புகழ்பெற்ற டபுள்டு டையில் எழுத்துகள் வெறுங்கண்ணுக்கே பிரிந்து தெரியும்.

பின்பு வங்கியிலிருந்து சென்ட் சுருள்களை வாங்கித் தேடத் தொடங்கினேன். பல வாரங்கள் ஒன்றும் அகப்படவில்லை. ஒரு மாலையில் புழங்கிய 1995 சென்ட் ஒன்று கையில் வந்தது: லிபர்ட்டியின் எழுத்துகள் தடித்து, முனைகள் பிளந்து, எங்கும் படிக்கட்டு இல்லாமல் இருந்தன. நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தேன், அடுத்த நாள் பகலொளியிலும் பார்த்தேன்; அது டபுள்டு டை என்பதில் ஐயமே எழவில்லை. அந்த நிலையில் அதன் விலை சான்றிதழ்க் கட்டணத்தைத் தாண்டாது என்பதால், அதை எங்கும் அனுப்பவில்லை.