நாடா நுனி

ஜூலை 3, வியாழன்

கோயம்புத்தூர் பார்சல் வந்தது. தம்பி கடை வாசலிலேயே பிரித்து, ரேஸ் காரில் ஓட்டுகிறவனைச் சீட்டோடு கட்டிவைக்கும் சிவப்பு ஹார்னஸை மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றான். அவன் முகத்தைப் பார்த்த பிறகு எதுவும் சொல்ல மனசு வரவில்லை.

ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு நான் மட்டும் எடுத்துப் பார்த்தேன். பக்கிளுக்குள் மடங்கிக் கிடந்த இடத்தில் நாடா நல்ல குங்குமச் சிவப்பு. வெளியே தெரிந்த இடமெல்லாம் பழைய செங்கல் நிறம். வெயில் தின்ற நாடா. ஓரத்தில் விரலை ஓட்டினால் பூனை முடி மாதிரி பிசிறு. லேபிளில் 8853/98 என்று ரேஸ் பெல்ட் தரத்தின் பழைய நம்பர், 2017க்குப் பிறகு செல்லாது என்று வருஷம். எட்டாயிரம் கொடுத்திருக்கிறான்.

ஜூலை 4, வெள்ளி

சொல்லிவிட்டேன். "பிசிறு வந்த இடத்துல ரெண்டு தையல் போட்டுக் குடுக்கா. நீ தைக்காத நாடாவா?" என்றான்.

இருபத்திரண்டு வருஷமாக சீட் கவர் தைக்கிறேன். லாரி சீட், வேன் சீட், ஆட்டோ டாப், எதுவும் விட்டதில்லை. அதனால்தான் இதைத் தொட மாட்டேன். ஊசி இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் இழை அறுகிறது. வரிசையாகத் துளை போட்டால் தபால் தலையைக் கிழிக்கிற மாதிரி அந்த வரிசையிலேயே கிழியும். தொழிற்சாலையில் அந்தத் தையலோடு சேர்த்துத்தான் இழுத்துப் பார்த்து முத்திரை போடுகிறார்கள். மேலே நான் ஒரு தையல் போட்டாலும் அது வேறு பொருளாகிவிடும். சீட் கவர் பிரிந்தால் திரும்பக் கொண்டுவருவார்கள், தைத்துக் கொடுப்பேன். இது பிரிந்தால்?

சாப்பிடாமல் போய்விட்டான்.

ஜூலை 5, சனி

அப்பாவுக்கு இன்று இடது கை விரல் லேசாக அசைந்தது. இரண்டு தடவை. நான் பார்த்தேன், அம்மா பார்க்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

சீட்டுப் பணத்தை எடுத்துவிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது. புது ஹார்னஸ்: 8853-2016 லேபிள், ஆறு இடத்தில் மாட்டும் ஆறு பாயின்ட், பாலியெஸ்டர் நாடா. நைலான் அதிகம் நீளும், பாலியெஸ்டர் அவ்வளவு நீளாது. தோள் நாடா 2 இஞ்சு அகலம். இரவல் வாங்கி வைத்திருக்கும் ஹான்ஸ், அதாவது கழுத்தைக் காக்கும் தோள் கவசம், அதன் மேல் இதுதான் சரியாக உட்காரும். பத்து நாளில் வந்துவிடும் என்கிறார்கள். ஆடி பிறப்பதற்குள் வந்தால் அம்மா வாயை மூடலாம்.

ஜூலை 8, செவ்வாய்

தம்பியின் ரேஸ் கார், பழைய எஸ்டீமை, பட்டறையில் ஏற்றியாயிற்று. முன்பு வைத்திருந்தவர் தோள் நாடாவைப் பின்பக்கத் தரையிலேயே போல்ட் போட்டு மாட்டியிருக்கிறார். தம்பியை ஹெல்மெட்டோடு சீட்டில் உட்காரவைத்து, சீட்டின் மேல் விளிம்பிலிருந்து அந்த போல்ட் வரை தையல் நூலை இழுத்துக் கட்டினேன். பையனுடைய ஜியாமெட்ரி பாக்ஸ் கோணமானியை வைத்துப் பார்த்தால் 60 டிகிரி சரிவு. 45க்கு மேல் போகவே கூடாது. 10ஐத் தாண்டாமல் இருந்தால் நல்லது என்கிறது உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதி.

இடிக்கும்போது உடம்பு முன்னால் பாயும். நாடா அதைப் பின்னால் இழுக்க வேண்டும். இந்தச் சரிவில் அது கீழே இழுக்கும், தோளிலிருந்து முதுகெலும்பு முழுக்க நசுங்கும். இத்தனை நாள் இப்படித்தான் ஓட்டினானா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த நூலை இன்னும் அவிழ்க்கவில்லை.

ஜூலை 9, புதன்

வண்டிக்குள் இருக்கும் பாதுகாப்புக் குழாய்க் கூண்டில், ரோல்கேஜில், குறுக்குக் கம்பி போட்டு அதில் சுற்றிக் கட்டுவதுதான் வழி. 38 மில்லி குழாய், 2.5 மில்லி கனம், தையல் இல்லாத சீம்லெஸ். வெல்டிங் அண்ணன் கையில் இருந்த குழாயைக் காட்டி "இதே போதும்மா" என்றார். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். நீளவாக்கில் ஒரு கோடு, தகட்டை வளைத்து ஒட்டவைத்த தையல். வேண்டாம் என்றேன். பாரிமுனைக்குப் போய் நாலு கடை ஏறி இறங்கி வாங்கி வந்தேன். அண்ணனுக்குக் கோபம் இல்லை. குழாயைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "உங்கப்பா மாதிரியே" என்றார்.

ஜூலை 10, வியாழன்

மழை. கரன்ட் இல்லை. வெல்டிங் இல்லை.

ஜூலை 12, சனி

குறுக்குக் கம்பி ஏறிவிட்டது. நூல் இப்போது 10 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே, 12 இருக்கும். கம்பி சீட்டுக்கு நெருங்கி வந்துவிட்டதால் நாடாவின் நீளமும் குறையும். நீளம் குறைந்தால் இழுபடுவதும் குறையும்.

இடுப்பு நாடாவுக்குத் தரையைத் திருகுளியின் கைப்பிடியால் தட்டிப் பார்த்தோம். வலது பக்கம் டங் டங். இடது பக்கம் ஓரத்தில் பொத் பொத். திருவொற்றியூர் காற்று சும்மா விடுமா, துருவாகவே இருந்தது. உள்ளங்கை அகலம் வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்தார். அதற்கு மேல் 3 மில்லி பட்டி. தரையோடு ஒட்டுகிற பரப்பு ஒவ்வொரு இடத்திலும் 40 சதுர சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. தோள், இடுப்பு இரண்டுக்கும் மாட்டுகிற இடம் ஒவ்வொன்றும் 1470 டெகாநியூட்டன் தாங்க வேண்டும், கிட்டத்தட்ட ஒன்றரை டன். கால் இடுக்கு நாடாவுக்கு 720. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி போகும்போது கடை அதிர்கிறதே, அப்போதெல்லாம் இந்த எண்தான் ஞாபகம் வருகிறது.

ஜூலை 13, ஞாயிறு

அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். அவருக்குப் பேச்சு பாதிதான் வருகிறது. "சோழவரம்" என்று தெளிவாகச் சொன்னார். போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலம். ரெட்ஹில்ஸ் தாண்டி சைக்கிளிலேயே போய்ப் பார்த்திருக்கிறார். 1990இல் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறிய பிறகு ஒரு தடவைகூடப் போகவில்லை. கையால் தோளைத் தொட்டு, நெஞ்சில் குறுக்கே கோடு இழுத்து, பிறகு கையை விரித்துக் காட்டினார். அப்போதெல்லாம் எதுவும் கட்டாமல் ஓட்டினவர்களையும் பார்த்திருக்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

ஜூலை 14, திங்கள்

கூரியர் வரவில்லை. போன் செய்தால் "இன்னிக்கு அவுட் ஃபார் டெலிவரி மேடம்".

ஜூலை 15, செவ்வாய்

வரவில்லை. 2001 பிப்ரவரியில் அமெரிக்க ரேஸ் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் டேடோனா ரேஸில் இறந்ததைப் பற்றி இரண்டு மணி வரை படித்தேன். விசாரணையில் அவருடைய இடது இடுப்பு பெல்ட் அறுந்திருந்தது தெரியவந்தது. நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டருக்குள் நாடா ஒரு பக்கமாக ஒதுங்கிக் குவிந்து, அந்த ஓரத்திலிருந்தே கிழிந்திருக்கிறது. இழுக்கும் திசைக்கு நேராக அட்ஜஸ்டர் நிற்காவிட்டால் இது நடக்கும். கண்ணை மூடினால் அந்த ஓரம்தான் தெரிகிறது.

தையல் மெஷினில் துணி ஒரு பக்கம் ஒதுங்கினால் எனக்குப் பார்க்காமலே கையில் தெரியும். இதில் எப்படித் தெரியும்?

ஜூலை 16, புதன்

வந்துவிட்டது! ஆடிக்கு ஒரு நாள் முன்னால். நீல நிறம். புதுத் துணிக்கடை வாசனை.

நாடாவை மாட்டும் வளையத் தலை ஐ போல்ட், 7/16 இஞ்சு யூஎன்எஃப் வகை, இஞ்சுக்கு 20 மரை. முதலில் கையால் திருகினேன். சிக்காமல் கடைசி வரை போனது. வெல்டிங் வேலை எல்லாம் முடியும் வரை நாடாவை வண்டிக்குள் எடுக்கவே விடவில்லை. ஒரு பொறி பட்டாலும் போதும். ஒவ்வொரு போல்ட்டையும் இடுப்பு நாடா போகும் திசைக்குத் திருப்பி நிறுத்தினேன். தம்பியை மறுபடி உட்காரவைத்து, அதே நூலை இழுத்துத்தான் அந்தத் திசையைப் பிடித்தேன்.

குறுக்குக் கம்பியில் தோள் நாடாவைச் சுற்றி, மூணு கம்பி பக்கிளில் போய், திரும்பி, மறுபடி முதல் இடுக்கு வழியாகவே வெளியே எடுக்க வேண்டும். அந்தத் திரும்பு மடிப்பு இல்லாவிட்டால் நழுவிவிடும். நுனி 10 சென்டிமீட்டராவது வெளியே நிற்க வேண்டும். வலது 11. இடது பத்தரை.

ஜூலை 17, வியாழன்

காலையில் எழுந்ததும் போய் அளந்தேன். 11, பத்தரை.

தம்பியை உட்காரவைத்து மாட்டிப் பழக்கினேன். முதலில் இடுப்பு. வயிற்றில் இல்லை, அதற்குக் கீழே இடுப்பெலும்பு மேல். நன்றாக இறுக்கிய பிறகுதான் தோள். தோளை முதலில் இறுக்கினால் இடுப்பு நாடா மேலே ஏறி வயிற்றில் உட்காரும். இடிக்கிற வேகத்தில் வயிற்றில் இருப்பதெல்லாம் நசுங்கும். கால் இடுக்கு நாடா அது ஏறாமல் பிடித்து வைக்கத்தான். "மூச்சு முட்டுதுக்கா" என்றான். முட்டட்டும். பிறகு கண்ணைக் கட்டிவிட்டு பக்கிளைத் திருகி வெளியே வரச் சொன்னேன். முதல் தடவை தடுமாறினான். ஆறாவது தடவையில் நான் மூன்று எண்ணுவதற்குள் வெளியே இருந்தான். வேர்த்துப் போயிருந்தான், நானே துடைத்துவிட்டேன். சின்ன வயசில் துடைத்த ஞாபகம்.

ஜூலை 18, வெள்ளி

அம்மா வடிவுடையம்மன் கோயிலுக்குப் போய்க் குங்குமம் கொண்டுவந்தாள். ஸ்டியரிங்கில் வைத்தாள். நாடாவில் வைக்க வந்தபோது கையைப் பிடித்துக்கொண்டேன். எண்ணெயும் பொடியும் அதில் படக் கூடாதும்மா என்றேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். "அப்போ உன் கையில வெச்சுக்க" என்று என் உள்ளங்கையில் வைத்தாள்.

சீட்டுப் பணம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்பா இன்று விரலை மூன்று தடவை அசைத்தார்.

11. பத்தரை.

ஜூலை 19, சனி

காலை 4.10. டிரெய்லர் வந்து நிற்கிறது. டார்ச்சை எடுத்துக்கொண்டு இன்னொரு தடவை