இவருக்குப் பதில் இவர்

நவம்பர் 3, திங்கள்

எட்டு மணி நாடகத்தில் அந்தப் பால் டம்ளர் இன்னும் யார் வாய்க்கும் போய்ச் சேரவில்லை. வெள்ளிக்கிழமை காய்ச்சிய பால். சின்ன மாமியார் அன்றைக்கே எதையோ கலந்துவிட்டாள். சனிக்கிழமை முழுக்கத் தட்டில் இருந்தது. இன்றுதான் மாடிப்படி ஏறியது. இந்நேரம் ஏடு படிந்திருக்கும்.

கடிகாரம் வைத்துப் பார்த்தேன். விளம்பரம் போக 21 நிமிடம். முந்தைய கதை இரண்டு நிமிடம், பாட்டு ஒன்று. மிச்சம் 18 நிமிடத்தில் பால் ஏறியது பதினாலு படி.

நவம்பர் 4, செவ்வாய்

கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஆச்சி குப்புறத்தான் படுக்க வேண்டும். நடுவில் ஓட்டை விட்ட தலையணையில் முகம் புதைத்தபடியே கேட்டாள்.

"ஏட்டி, ஒருத்தரும் பேசக் காணோம். என்ன நடக்கு?"

"பாக்காவ ஆச்சி."

"யாரு?"

"எல்லாரும்."

ஒன்பது முகம். ஒவ்வொன்றுக்கும் மூன்று வெட்டு, மூன்றாவதில் படம் கறுப்பு வெள்ளை. கடைசி முகம் சமையல்காரி. அவளுக்கும் கதைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒவ்வொரு வெட்டுக்கும் விழுகிற இசை அடியை ஆச்சி எண்ணியிருக்கிறாள். "இருபத்தேழு விழுந்துட்டு," என்றாள். சரியான கணக்கு.

இதைச் சும்மா செய்வதில்லை. ஒன்பது பேருக்கும் ஒரே நாளில் கால்ஷீட் கிடைக்காது. க்ளோசப் என்றால் வந்தவரை வந்த நாளில் எடுத்துப் பிறகு கோத்துக்கொள்ளலாம். இன்று மாமனாருக்குப் பின்னால் ஜன்னலில் வெயில், மருமகளுக்குப் பின்னால் ட்யூப்லைட். ஒரே பட்டாசல், அதாவது ஒரே கூடம், ஒரே நிமிடம். மாமனார் முறைக்கிற பக்கம் ஆளே இல்லை, வெறும் சுவர்தான் இருக்கும்.

நவம்பர் 5, புதன்

மழை. 7.50க்குப் போன கரண்டு 8.40க்குத்தான் வந்தது. கதையில் ஒன்றும் தப்பவில்லை.

நவம்பர் 6, வியாழன்

டி.ஆர்.பி., அதாவது எத்தனை பேர் பார்த்தார்கள் என்கிற கணக்கு, வருகிற நாள். இறங்கியிருந்தால் அடுத்து மூன்றில் ஒன்று நடக்கும்: கல்யாணம், பாம்பு, இல்லையென்றால் ஏழு மணி நாடகத்தோடு கதையைக் கலக்கிற மகாசங்கமம். எடுத்து வைத்த எபிசோடுகள் தீர வேண்டுமே, அதனால் உடனே தெரியாது. ப்ரொமோவில் முதலில் மூக்கை நீட்டும்.

சொட்டு மருந்து நாலு வேளை. மூணாவது வேளை எப்போதும் நாடகத்தின் நடுவில் வந்து நிற்கிறது.

நவம்பர் 7, வெள்ளி

திரைக்கு அடியில் சில விநாடி ஒரு பட்டை: இவருக்குப் பதில் இவர். சத்தமே இல்லாமல் மூத்த மருமகள் மாறிவிட்டாள். அறைக்குள் போனவள் ஒருத்தி, அதே சேலையில் டம்ளரோடு வெளியே வந்தவள் வேறொருத்தி. மூக்குத்தி மட்டும் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போயிருந்தது.

ஆச்சிக்குத் தெரியாது. தெரிய வழியும் இல்லை. டப்பிங் பேசுகிற பெண் மாறவில்லையே.

மருமகளாக வருகிறவர்களில் பலருக்குத் தமிழ் தாய்மொழி கிடையாது. கேமராவுக்குப் பக்கத்தில் நின்று உதவி இயக்குநர் வசனத்தைச் சொல்லச் சொல்ல, இவர்கள் திருப்பிச் சொல்வார்கள். பழையவள் ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் அரை விநாடி கண்ணை இடப்பக்கம் தட்டுவாள். ப்ராம்ப்டர் அங்கேதான் நின்றிருப்பார். புதியவள் நேராகப் பார்க்கிறாள், ஆனால் வாய் சீக்கிரம் மூடிவிடுகிறது. "போயிட்டு வந்துடறேன் அத்தை" என்பதில் "அத்தை" மூடிய வாயிலிருந்து வருகிறது. இரண்டு வாரத்தில் டப்பிங்காரி இவள் வேகத்துக்குப் பழகிவிடுவாள்.

எதிர்நீச்சல் நாடகத்தின் ஆதி குணசேகரனுக்கு இந்த வசதி இல்லை, அது நடிகர் மாரிமுத்துவின் சொந்தக் குரல். 2023 செப்டம்பர் 8 அன்று அந்த நாடகத்துக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு முடியாமல் போனது, அன்றைக்கே இறந்துவிட்டார். பிறகு அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். அவர் நடிப்பில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அடுக்களையில் நின்று காதால் பார்த்தவர்களுக்கு வேறு யாரோ வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரிதான் இருந்தது.

மேலவீட்டு மதினி வந்து "புது மருமவ எடுபடல" என்று ஆரம்பித்தாள். கண்ணைக் காட்டி நிறுத்தினேன்.

நவம்பர் 8, சனி

இன்று கோபம். கதைப்படி இது திருநெல்வேலிக் குடும்பம். வீடு காரைக்குடித் தூண் வீடு, இங்கத்து வீட்டு முன்பகுதியான தார்சா கிடையாது. அதைக்கூட விடலாம். மாமியார் மருமகளை "ஏலே" என்று கூப்பிடுகிறாள்! ஏலே ஆம்பிளைக்கு. பொம்பிளைக்கு ஏட்டி, ஏளா. வாக்கியத்துக்கு ஒரு ஏலே போட்டால் நெல்லைத் தமிழ் ஆகிவிடும் என்று யாரோ இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வினையில் கை வைப்பதே இல்லை. "சொல்றேன்" என்கிறார்கள், இங்கே "சொல்லுதேன்". "வந்தாங்க" என்கிறார்கள், இங்கே "வந்தாவ".

இதில் கொழுந்தன் குற்றாலத்தில் குளித்துவிட்டு, உலை கொதிப்பதற்குள் ஜங்ஷன் வீட்டுக்கு ஈரத்தலையோடு வருகிறான். 60 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது.

ஆச்சி சிரித்ததில் கட்டில் ஆடியது. "சிரிக்கக் கூடாது ஆச்சி, அசையாத."

நவம்பர் 9, ஞாயிறு

நாடகம் கிடையாது. ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்ட காலத்தில் முக்காவாசிப் படத்தைத் தியேட்டரில் பார்த்ததே இல்லை, ஆனாலும் கதை தெரியும் என்கிறாள் ஆச்சி.

நவம்பர் 10, திங்கள்

இரண்டாவது பாகம் முழுக்க ஃபோன். நாத்தனாருக்குக் கால்ஷீட் இல்லை போல. எதிர்முனையில் குரல்கூட இல்லை. அதனால் மருமகளே இரண்டு பேருக்கும் பேசுகிறாள். "என்னது, அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கா? எப்ப, காலையிலயா?" ஆச்சிக்கு இந்தக் காட்சிதான் வசதி. இதைக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்காக எழுதுவதில்லை, தோசை சுடுகிறவளுக்காக எழுதுகிறார்கள்.

அப்புறம் மாமனார் பேசினார்.

"இது வேற ஆளு."

"அதே ஆளுதான் ஆச்சி."

"ஏட்டி, வேற ஆளு. இவனுக்கு ழ வருது."

உற்றுப் பார்த்தேன். அதே மீசை, அதே மரு. குரல் கொடுக்கிறவரைத்தான் மாற்றியிருக்கிறார்கள். மூன்று மாதமாகப் பார்க்கிற எனக்கு உறைக்கவில்லை. முகம் மாறினால் பட்டை போடுகிறார்கள், குரல் மாறினால் போடுவதில்லை.

நவம்பர் 12, புதன்

சொதி வைத்தேன். படுத்தபடிக்கே ஸ்பூனில். டம்ளர் மாமனாரின் மேஜையில்.

நவம்பர் 13, வியாழன்

ப்ரொமோவில் பாம்பு. சொன்னேனா இல்லையா.

நாளைக்கு ஆச்சிக்குக் கண் ஆஸ்பத்திரியில் 9 மணிக்கு டோக்கன். மருமகள் விஷயத்தை இன்னும் ஆச்சியிடம் சொல்லவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

பால் கொட்டிவிட்டது. நக்கியது பூனை. பூனை விழுந்ததும் ஒன்பது முகம்.