கார் கை மாறியது, போனஸ் கை மாறக் கூடாது

சென்னையில் ஒரு மோட்டார் இன்சூரன்ஸ் கம்பெனியில் போன் டெஸ்க் வேலை எனக்கு. பாலிசி விற்பதும் நான்தான், விற்றதில் சிக்கல் வந்தால் பேச்சு வாங்குவதும் நான்தான்.

போன மாதம் தாம்பரத்திலிருந்து ஒரு ரிட்டயர்டு தலைமை ஆசிரியர் கூப்பிட்டார். "ஏம்மா, பதினோரு வருஷத்துல ஒரு கிளெய்ம்கூட வாங்கல. வண்டியை வித்துட்டேன். அந்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் புது வண்டிக்கு வராதுன்னு ஷோரூம்ல சொல்றாங்களே?"

வரும். கிளெய்ம் வாங்காத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் இந்தத் தள்ளுபடி (என்சிபி) வண்டியோடு போகாது, அது உரிமையாளருடையது. பழைய கம்பெனியில் அதற்கு ஒரு சான்றிதழ் வாங்கிவிட்டால் மூன்று வருஷத்துக்குள் எந்தப் புது காருக்கும் பயன்படுத்தலாம். அவருக்கு ஓன் டேமேஜ் பிரீமியம், அதாவது சொந்த வண்டியின் சேதத்துக்கான பகுதி, 18,600 ரூபாய். பாதி என்றால் 9,300, ஒரு பென்ஷன்காரருக்குச் சின்னத் தொகை இல்லை. ஆனால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான தேர்ட் பார்ட்டி தொகையில் ஒரு பைசா குறையாது. 2022 ஜூன் கட்டணப்படி 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள புது காருக்கு மூன்று வருஷத்துக்கு 10,640 ரூபாய் முழுசாகக் கட்ட வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். பழைய கம்பெனியின் அண்ணா சாலை கிளையில், பாலிசி எடுத்த கிளைக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அது காஞ்சிபுரம். பஸ் பிடித்துப் போனார். கவுன்டரில் இருந்தவர் பேப்பரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆர்சி இன்னும் உங்க பேர்லதானே இருக்கு? மாறினதும் வாங்க" என்றாராம். வாங்கியவர் பெயரே மாற்றவில்லை! முதல் போனிலேயே இதை நான் கேட்டிருக்க வேண்டும். எழுபது வயதுக்காரரை ஒரு நாள் முழுக்க அலையவிட்டது இன்னும் மனதில் உறுத்துகிறது.

வண்டி விற்கிறவர்கள் இதை மட்டும் கவனியுங்கள். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். ஆர்சியில் பெயர் மாறும்வரை அந்த வண்டி யாரையாவது இடித்தால் கேஸ் உங்கள் தலையில்தான் வரும். 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

ஆர்சி மாறியதும் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்ப வைத்தேன். பத்து நாளாகியும் பதில் இல்லை. இங்கே எங்கள் டீம் லீடர், "டிக்ளரேஷன்ல கையெழுத்து வாங்கிப் போட்டுடு, மாசக் கடைசி" என்றார். சான்றிதழுக்குப் பதில், கிளெய்ம் வாங்கவில்லை என்று வாடிக்கையாளரே எழுதிக் கொடுப்பதுதான் அது. எனக்கு மனசு வரவில்லை. இரண்டு வருஷம் முன்னால் ஒரு வாடிக்கையாளர் கிளெய்ம் எதுவும் இல்லை என்று சொன்னதை நம்பி டிக் போட்டேன். முன்கண்ணாடி மாற்றியதும் கிளெய்ம்தான் என்று அவருக்குத் தெரியவில்லை, நானும் கேட்கவில்லை. வண்டி மோதியபோது பழைய கம்பெனியிலிருந்து விவரம் வந்தது, கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள். அவர் மனைவி போனில் அழுதது இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் தலைமை ஆசிரியரைப் பழைய கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கே மெயில் போடச் சொன்னேன். அந்த முகவரி பாலிசியின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ விதிப்படி இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். இல்லையென்றால் ஆணையத்திடமே புகார் செய்ய பீமா பரோசா தளம் இருக்கிறது, 155255 என்ற போன் எண் இருக்கிறது. மூன்றாம் நாளே சான்றிதழ் வந்துவிட்டது.

வந்ததை, பாலிசிக்கு ஒப்புதல் தரும் எங்கள் அண்டர்ரைட்டிங் பிரிவில் திருப்பி அனுப்பினார்கள். சான்றிதழில் பெயருக்கு முன்னால் இனிஷியல், ஆதாரில் பின்னால் அப்பா பெயர் முழுசாக. நம் ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும், சிஸ்டத்துக்கு அது தெரியாது. திருத்தி வாங்க இன்னும் நாலு நாள். புது பாலிசிக்கு எந்தப் பெயர் கொடுக்கப் போகிறீர்களோ அதே எழுத்தில் சான்றிதழைக் கேளுங்கள்.

டெலிவரிக்கு முந்தின நாள் சாயங்காலம் பாலிசி போட்டோம். ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டு, "நோ கிளெய்ம் போனஸ், ஐம்பது சதவீதம்" என்று அந்த வரியை மட்டும் நிறுத்தி வாசித்தார். பிறகு, "என் மாப்பிள்ளை பைக்குக்கு வெள்ளிக்கிழமையோட முடியுது, அதையும் நீயே பார்த்துடும்மா" என்றார். வியாழக்கிழமையே புதுப்பித்துவிட்டேன்.