நாவல் வெளிவந்த பிறகு

பிப்ரவரி 2, திங்கள்

நாவல் வந்து பத்து நாள் ஆகிறது. ஃபேஸ்புக்கில் அட்டைப்படத்தை நான்கு முறை போட்டுவிட்டேன், நான்கிலும் "வாங்கிப் படியுங்கள்" என்ற அதே வரி. முதல் முறை 180 லைக், நான்காவது முறை 11. லைக் போட்டவர்கள் பெரும்பாலும் உறவினர்கள், கூட வேலை செய்பவர்கள். அவர்கள் அன்பு எனக்குப் பெரிது. ஆனால் கடிகாரம் பழுது பார்க்கும் ஒரு மனிதரைப் பற்றி 240 பக்கம் படிக்க ஆசைப்படுகிறவர்கள் வேறு எங்கோ இருக்கிறார்கள். அவர்களுக்கு என்னைத் தெரியாது.

பிப்ரவரி 5, வியாழன்

நாவலுக்காகக் குறிப்பெடுத்த நோட்டைப் புரட்டினேன். சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரங்கள் பலவும் மணிக்கு 18,000 முறை துடிக்கும், அதாவது நொடிக்கு ஐந்து டிக். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, கூடவே நான்கு வரி எழுதிப் போட்டேன். புத்தகத்தின் பெயர் கடைசி வரியில் மட்டும்.

இரவுக்குள் 43 கமென்ட். யார் யாரோ தாத்தாவின் கடிகாரத்தைப் படம் பிடித்துப் போடுகிறார்கள். ஓடாத கடிகாரத்தைத் தினமும் துடைத்து வைக்கும் ஒருவர் அதைப் பற்றி ஒரு பத்தியே எழுதியிருந்தார். எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினேன். தூங்கும்போது மணி ஒன்று.

பிப்ரவரி 9, திங்கள்

எக்ஸில் (பழைய ட்விட்டர்) நாவலின் வரிகளைப் போட முயன்றேன். அங்கே 280 எழுத்து என்பது நம் கணக்கில் 280 எழுத்து இல்லை. 'கொ' நமக்கு ஒன்று, அங்கே இரண்டு. 'க்' என்றால் அதன் புள்ளியும் தனிக்கணக்கு. தனியாக நிற்கும் வரிகளைத் தேடி முழு நாவலையும் மறுபடி வாசித்ததில் ஒன்பதுதான் தேறின. மற்றவை முன்பின் பத்தி இல்லாமல் மூச்சு விடவில்லை.

இன்ஸ்டாகிராமில் பதிவுக்குக் கீழே இணைப்பு கொடுத்தால் அழுத்த வராது, நம் பக்கத்தின் மேலே இருக்கும் அறிமுகப் பகுதியான பயோவில்தான் வைக்க வேண்டும். வைத்தாயிற்று.

பிப்ரவரி 14, சனி

முதல் ஐந்து அத்தியாயங்களைத் தொடராகப் பதிவிடலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். எழுதுகிற தோழி ஒருத்தி நல்லவேளையாகத் தடுத்தாள். என் மின்னூல் அமேசானின் கிண்டிலில், கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் இருக்கிறது. அதில் சேர்ந்தால் 90 நாள் மின்வடிவத்தை வேறெங்கும் தரக்கூடாது, மாதிரிக்குப் பத்து சதவீதம் வரை தரலாம். அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் கட்டு இல்லை. 240-இல் பத்து சதவீதம் 24 பக்கம், என் முதல் அத்தியாயம் 19. சரி, அது ஒன்று போதும். பதிப்பாளரிடமும் கேட்டுச் சம்மதம் வாங்கினேன்.

அந்த அத்தியாயத்தின் ஒரு பக்கத்தை வாசித்து ரீல் ஆக்கினேன். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் நிறைய, அதனால் வரிகளைத் திரையிலும் ஓடவிட்டேன். ஏழாவது முறைதான் என் குரல் எனக்கே பிடித்தது.

பிப்ரவரி 20, வெள்ளி

சித்தி மகன் அமேசானில் ஐந்து நட்சத்திரம் போட்டு விமர்சனம் எழுதட்டுமா என்றான். வேண்டாம் என்றேன். குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் எழுதுவதை அங்கே அனுமதிப்பதில்லை. அதற்குப் பதிலாக, படித்துவிட்டு நண்பர்களிடம் வாய்விட்டுச் சொல், அது போதும் என்றேன்.

காசு கொடுத்தால் விமர்சனம் எழுதித் தருவதாக ஒருவர் செய்தி அனுப்பினார். பதில் போடவில்லை.

வாசகர்கள் புத்தக விமர்சனம் எழுதும் தளமான குட்ரீட்ஸில் வந்த முதல் விமர்சனம் மூன்று நட்சத்திரம். நடுப்பகுதி இழுக்கிறதாம். விளக்கம் எழுதக் கை பரபரத்தது. ஆனால் அது வாசகர் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இடம், நான் நுழைந்தால் அடுத்தவர் வாயைத் திறக்கமாட்டார். அப்புறம் பன்னிரண்டாம் அத்தியாயத்தைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான், அங்கே இழுக்கிறது.

மார்ச் 1, ஞாயிறு

ஓடாத கடிகாரத்தைத் துடைத்து வைப்பவர் இன்று நீண்ட செய்தி அனுப்பியிருக்கிறார். புத்தகத்தை முடித்துவிட்டாராம். கடைசியில் அந்தக் கிழவர் பழுது பார்க்காமலே கடிகாரத்தைத் திருப்பித் தருகிறாரே, அவருக்கு முடியவில்லையா, மனம் வரவில்லையா என்று கேட்கிறார். எழுதும்போது நான் பல இரவு தடுமாறிய இடம் அது.

இன்று ஒரு ரீல் எடுப்பதாக இருந்தேன். அதை நாளைக்கு வைத்துவிட்டு அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.