காரணம் எழுதும் கட்டம்

"எனக்கு ஒண்ணும் இல்லையா டீச்சர்?"

தென்னாப்பிரிக்காவில் நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில், வாரநாட்களில் நான் அவளுக்கு 'மேம்'. சனிக்கிழமை கோயில் தமிழ் வகுப்பில் மட்டும்தான் 'டீச்சர்'. அன்று புதன்கிழமை. கணக்குப் பாடம் முடிந்து, டிமெரிட் தாளை (தவறுக்கு டிமெரிட், நல்லதற்கு மெரிட் என்று பாயிண்ட் எழுதும் தாள்) நிரப்பிக்கொண்டிருந்தேன். மேசையருகே வந்து நின்று, தமிழில், சனிக்கிழமைக் குரலில் கேட்டாள். அவளுடைய தோழி, பக்கத்து இருக்கைக்காரி, பையை மாட்டிக்கொண்டு கதவருகே காத்திருந்தாள். அந்தத் தோழியின் பெயருக்கு நேராகத்தான் அந்த நிமிடம் என் பேனா இருந்தது: 'வகுப்பில் பேசியது, 1'.

"ஒண்ணும் இல்லாததுதாம்மா நல்லது" என்றேன்.

அவள் நகரவில்லை. தாளைப் பார்த்தாள். பள்ளியாண்டு தொடங்கிய ஜனவரியிலிருந்து அவள் வரிசை வெறுமையாகவே கிடந்தது, மெரிட்டும் இல்லை, டிமெரிட்டும் இல்லை. எனக்குச் சுருக்கென்றது. தினமும் வீட்டுப்பாடத்தோடு, மடிப்புக் கலையாத சீருடையோடு வருகிற பிள்ளையை நாங்கள் யாரும் கண்டுகொள்ளவே இல்லையே என்று நினைத்தேன். அங்கேயே அவளுக்கு ஐந்து மெரிட் போட்டேன். மெரிட் போட்டால் பக்கத்துக் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும்.

"என்ன காரணம் போடுவீங்க?" என்று கேட்டாள்.

சற்று யோசித்துவிட்டு 'நல்ல நடத்தை' என்று எழுதினேன். அதைப் படித்தாள். "சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இவ்வளவுதான் நடந்தது. இரண்டு நிமிடம்கூட இருக்காது. ஆனால் ஒன்றரை வருடமாக அந்த "ஒண்ணும் இல்லையா" எனக்குள் புரண்டுகொண்டே இருக்கிறது.

அடுத்த வாரம் தோழியின் அம்மா வந்தார். எங்கள் பள்ளியில் பத்து டிமெரிட் சேர்ந்தால் வீட்டுக்குக் கடிதம், இருபது என்றால் வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்தபின் உட்காரவைக்கும் டிடென்ஷன். அந்தப் பெண்ணுக்குப் பத்து ஆகியிருந்தது. மூன்று முறை தாமதம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வீதம் ஆறு. பேசியதற்கு நான்கு. தினமும் இரண்டு மினிபஸ் டாக்ஸி மாறி வருகிற பிள்ளை. அம்மா டர்பனின் தொழிற்பேட்டையான மொபேனியில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, தூங்காமல் நேரே வந்திருந்தார். தாமதத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. மற்ற நான்கு வரிகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பிறகு மெதுவாக, எந்தக் கோபமும் இல்லாமல் கேட்டார்: "யாருடன் பேசினாள்?"

தாளைப் பார்த்தேன். அதில் தேதி உண்டு, குற்றம் உண்டு, பாயிண்ட் உண்டு, ஆசிரியர் கையெழுத்து உண்டு. யாருடன் என்பதற்குக் கட்டம் இல்லை.

"பக்கத்தில் இருப்பவளுடன்" என்றேன். அவர் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். பக்கத்தில் இருப்பவளுக்கு எத்தனை டிமெரிட் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? அவர் கேட்கவில்லை.

அந்த இரவுதான் புதன்கிழமைக் கேள்வி எனக்கு வேறு விதமாகக் கேட்டது. பாராட்டைத்தான் கேட்டாளா? இல்லை, 'அவளுக்குப் போட்டீர்களே, அதே பேச்சுக்கு எனக்கு ஒன்றும் இல்லையா' என்று கேட்டாளா? தண்டனையில் தன் பங்கைக் கேட்டு வந்து நின்ற பிள்ளைக்கா நான் பரிசு கொடுத்தேன்? தோழிக்குப் புரியாத மொழியில் கேட்டாள் என்பதும் உறுத்துகிறது. என் மனம் நோகக் கூடாது என்று தமிழைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். ஆனால் தமிழைக் கேட்டதும் நான் உருகிப்போனேன். இந்த ஊரில் பதினைந்து வயதுப் பிள்ளை வாயிலிருந்து தமிழ் வருவது அப்படி ஒரு அபூர்வம். என் பேத்தி வயதுப் பிள்ளைகள் 'ஆயா', 'தாத்தா' என்ற இரண்டு சொல்லோடு நின்றுவிடுகிறார்கள்.

என் தரப்பையும் சொல்ல வேண்டும். நாற்பத்திரண்டு பிள்ளைகள் உள்ள வகுப்பு. நான் கரும்பலகையைப் பார்த்து நிற்கிறேன். முதுகுக்குப் பின்னால் எந்தக் குரல் எழும்புகிறதோ அதைத்தான் காது பிடிக்கும். தோழியின் குரல் கணீரென்றது, இவளுடையது மெல்லியது. தோழி சூலு இனத்துப் பிள்ளை, இவள் தமிழ்ப் பிள்ளை. இதில் சூலு, தமிழ் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போதும் பாதி நம்புகிறேன். ஆனால் நான்கு தடவையும் ஒருத்தியின் குரல் மட்டுமா?

பாயிண்ட் முறையை நான் லேசாகப் பேசிவிட மாட்டேன். பிரம்பு இருந்த காலத்தில் படித்தவள் நான். 1996-ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டம், 10-ஆம் பிரிவில், அடிப்பதை அடியோடு தடை செய்தது. அதே சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி, பள்ளியின் நிர்வாகக் குழு பெற்றோர், ஆசிரியர், மாணவர் மூவரையும் கலந்து நடத்தை விதிகளை வகுக்க வேண்டும். எங்கள் பள்ளிக்கு அதை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். கோபத்தில் கை ஓங்குவதைவிட எண்ணில் எழுதுவது நியாயமானது என்று வாதாடியவள் நான்தான். எண்ணுக்கு முகம் தெரியாது என்றே அன்று சொன்னேன்.

ஆனால் ஒன்று ஞாபகம் வருகிறது. எண்பதுகளில், டர்பனில் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வொர்த்தில், எங்கள் வகுப்பில் பேச்சுச் சத்தம் கேட்டால் ஆசிரியர் திரும்பி, "இன்னொருத்தி யார்? எழுந்திரு" என்பார். இருவர் உள்ளங்கையிலும் அடி விழும். அதற்காகப் பிரம்பை நல்லது என்று சொல்லவே மாட்டேன். குளிர்காலக் காலையில் விழுந்த அந்த வலி இன்னும் விரலில் இருக்கிறது. ஆனால் அந்த மனிதர் 'இன்னொருத்தி யார்' என்று கேட்டார். நான் கேட்கவில்லை.

2007 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் மூக்குத்தி வழக்கில் தீர்ப்புச் சொன்ன நாளும் ஞாபகம் வருகிறது. டர்பனில் நம் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி மூக்குத்தியோடு பள்ளிக்கு வந்ததை நடத்தை விதியைக் காட்டித் தடுத்தார்கள். அவளுக்கு விலக்கு அளிக்க மறுத்தது நியாயமற்ற பாகுபாடு என்று தலைமை நீதிபதி லங்கா எழுதினார். வீட்டில் இனிப்புச் செய்தோம். நகை போடக் கூடாது என்பது எல்லோருக்கும் ஒரே விதிதானே என்று சொன்னவர்களிடம், அந்த விதி யாருடைய முகத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று நான் மேடையேறிக் கேட்டேன். இப்போது என் தாளை வைத்து அதே கேள்வியை அந்த அம்மா என்னிடம் கேட்கலாம்.

இன்னும் இருக்கிறது. ஜூன் தேர்வுக்கு முன் நோட்டுகளைத் திருத்தினேன். தமிழ் வகுப்புக்காரியின் கணக்கு நோட்டில், காரணிப்படுத்தும் பாடத்தில், ஓரங்களிலெல்லாம் பென்சிலில் படிப்படியாகச் செய்து காட்டியிருந்தது. அவள் கையெழுத்தல்ல. தோழியின் நோட்டை எடுத்து ஒப்பிட்டேன். அவளுடையதேதான். இவள் அவளுக்கு உதவுகிறாள் என்று நானாக நினைத்திருந்தேன், ஏன் அப்படி நினைத்தேன் என்பதை விரித்து எழுதக் கூச்சமாக இருக்கிறது. சொல்லிக்கொடுத்தது தோழிதான். என் விளக்கம் எட்டாத இடத்தை எட்டவைத்தவள் அவள். டிமெரிட் விழுந்த நாட்களும் ஓரத்தில் பென்சில் இருந்த பாடங்களும் நான்கில் மூன்று பொருந்தின.

பிறகு என்ன செய்தேன்? போட்ட டிமெரிட்டை அழிக்க விதியில் வழியில்லை. மெரிட் போட்டுத்தான் ஈடுகட்ட முடியும். தோழிக்கு நான்கு மெரிட் போட்டேன். காரணக் கட்டத்தில் 'சக மாணவிக்கு உதவி' என்று எழுதினேன். உண்மைதான். ஆனால் அதே காரியத்துக்கு அதே தாளில் அதே பெயருக்கு நேராக நான்கு கூட்டலும் நான்கு கழித்தலும் நின்றன. தவறு என்னுடையது என்று எழுத அதில் எங்கும் இடமில்லை. அந்த அம்மாவுக்கு நான் இரண்டாவது கடிதம் அனுப்பவில்லை. நேரம் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது.

கொஞ்ச நாள் என் சொந்தக் குறிப்பேட்டில் 'யாருடன்' என்று ஒரு கட்டம் சேர்த்துப் பார்த்தேன். ஒரு வாரத்துக்குள் பிள்ளைகள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தக் கட்டத்தை நீக்கிவிட்டேன். அப்படியானால் எனக்கு வேண்டியது கட்டம் இல்லை போலும். வேறு என்ன என்று சொல்லவும் தெரியவில்லை. நாளைக்கும் நாற்பத்திரண்டு பேர், அதே தாள், நிரப்பாவிட்டால் துறைத் தலைவர் கேட்பார்.

ஜனவரியில் எல்லாப் பாயிண்டும் சுழியாகிவிட்டது. இருவரும் இப்போது வேறு ஆசிரியரிடம். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்டால், பாராட்டைத்தான் கேட்டேன் என்று மரியாதைக்குச் சொல்லிவிடுவாள் என்று பயம். வேறு பதில் வந்துவிடுமோ என்றும் பயம்.

சனிக்கிழமை வகுப்புக்கு அவள் இன்னும் வருகிறாள். சின்னப் பிள்ளைகளை அவளிடம் விட்டிருக்கிறேன். போன வாரம் நான் பலகையில் எழுதிக்கொண்டிருக்கையில், பின்னால் பாயில் உட்கார்ந்து ஒரு பிள்ளைக்கு ழகரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.