அட்டையில் ஆர்மீனியா: மூன்றாவது வாரம்

ஆர்மீனியாவில் 1921 பிப்ரவரியில் கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியை மேடுபள்ள வரைபடமாகச் செய்துகொண்டிருக்கிறேன். பழைய அட்டைப்பெட்டிதான் சரக்கு. 500 மீட்டர் உயரத்துக்கு ஓர் அட்டை. தரையில் 5 கிலோமீட்டருக்கு 1 செ.மீ. அட்டை 3 மி.மீ. கனம் என்பதால் மலைகள் நிஜத்தைவிட மூன்று மடங்கு நிமிர்ந்து நிற்கின்றன. பார்க்க நன்றாக இருக்கிறது, விட்டுவிட்டேன்.

முதலில் மைதா பசை காய்ச்சி ஒட்டினேன். அட்டை அப்பளம்போல் வளைந்தது. இரவில் கரப்பான் வந்து அராகட்ஸ் சிகரத்தைச் சுரண்டிவிட்டுப் போனது. இப்போது ஃபெவிகால்.

அடுத்த தவறு பெரியது. ஆர்மீனிய எல்லையோடு பலகையை நிறுத்தியிருந்தேன். 1920 டிசம்பரில் ஆட்சிக்கு வந்த கம்யூனிஸ்ட் புரட்சிக் குழு கிராமத்துத் தானியத்தைப் பறித்தது, ராணுவ அதிகாரிகளை நூற்றுக்கணக்கில் நாடுகடத்தியது. மக்கள் கொதித்தது சரி. ஆனால் அதற்குமுன் ஆண்ட டாஷ்னாக் கட்சியினர் கிளம்பிய சில நாட்களிலேயே, பிப்ரவரி 18 அன்று, தலைநகர் யெரெவானைப் பிடித்தது எப்படி? சோவியத் ராணுவமான செம்படையின் பெரும்பகுதி அப்போது ஜார்ஜியா மீது பாய்ந்திருந்தது. அந்த வடக்குதான் என் பலகையில் இல்லை! ஜார்ஜியத் தலைநகர் திபிலீசிக்காக 12 செ.மீ. துண்டு ஒட்டினேன். 25 அன்று அந்த ஊர் விழுந்தது. அப்புறம் சிவப்புக் கொடிகள் தெற்கே திரும்பின. ஏப்ரல் 2 அன்று யெரெவான் மறுபடி அவர்கள் கையில்.

யெரெவான் சிறையில் கோடாலியால் வெட்டப்பட்ட கைதிகளின் உடல்களைக் கிளர்ச்சிக்காரர்கள் கண்டார்கள். அங்கே ஒரு கறுப்புக் கொடி குத்திப் பார்த்தேன். விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது, எடுத்துவிட்டேன்.

கிளர்ச்சி அரசின் தலைவர் சிமோன் வ்ராட்சியான் துருக்கியிடம்கூட உதவி கேட்டார். சில மாதங்களுக்கு முன் கார்ஸ் நகரை ஆர்மீனியாவிடமிருந்து பறித்த அதே துருக்கி! எவ்வளவு நெருக்கடி என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

தோற்றவர்கள் பின்வாங்கிய பாதைக்குச் சிவப்பு நூல் ஓட்டினேன். யெரெவான் இரண்டே அட்டை உயரம். அங்கிருந்து தெற்கு மலைநாடான ஸாங்கெசூர் பக்கம் விரலை நகர்த்தினால் நாலு, அஞ்சு, ஆறு என்று ஏறிக்கொண்டே போகிறது. வழியிலுள்ள வொரோதான் கணவாயே 2,300 மீட்டருக்கு மேல். சமவெளியில் ஆறு வாரம்தான் தாங்கிய எதிர்ப்பு, தளபதி கரெகின் நிழ்தே தலைமையில் மலையில் ஜூலை வரை நீடித்ததை என் விரலே சொன்னது.

மிச்சம் தெற்கு எல்லையில் ஓடும் அராஸ் ஆறு. நிழ்தே அதைக் கடந்துதான் பாரசீகம் போனார். நீல நூலைப் பலகையின் விளிம்பிலேயே ஒட்டியிருக்கிறேன், அக்கரைக்கு இடமே இல்லை. தெற்கிலும் ஒரு துண்டு வெட்டவேண்டும்.